நூறைத் தொட்ட பிறகு

பிறர் வாங்கப்போகும் காரை அவர்களுக்கு முன்னால் போய்ப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது என் தொழில். அதற்கு முன்பு நீண்ட காலம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே டாப்பெட் லூசா, பேரிங் போய்விட்டதா என்று சொல்லப் பழகிய தலைமுறை நாங்கள். எலக்ட்ரிக் கார் வந்தபோது காதுக்கு வேலை குறைந்தது. கண்ணுக்கும் கைக்கும் மீட்டருக்கும் வேலை கூடியது. உயர் மின்னழுத்த வேலைக்கென்று தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன்.

இப்போது என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வேகமான எலக்ட்ரிக் செடான்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பி.ஒய்.டி. சீல், பி.எம்.டபிள்யூ. ஐ4, ஆடி இ-டிரான் ஜி.டி., போர்ஷே டைகான். சிலர் புதிதாக எடுக்க நினைப்பவர்கள். பலர் இரண்டு, மூன்று வருடம் ஓடிய வண்டியைப் பாதி விலைக்குப் பார்த்துவிட்டு வருபவர்கள். இரண்டு தரப்பும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணே, நூறை எத்தனை செகண்டுல தொடும்?"

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தைக் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பெட்ரோல் காலத்தில் அர்த்தம் இருந்தது. நாலு விநாடிக்குள் நூறைத் தொட வேண்டுமென்றால் எஞ்சின், கியர்பாக்ஸ், டர்போ என்று எல்லாவற்றிலும் காசைக் கொட்ட வேண்டும். அந்த எண்ணைச் சொன்னாலே காரின் தரம் ஓரளவு தெரிந்துவிடும். எலக்ட்ரிக் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையைக் கொடுக்கிறது. 2024 மார்ச்சில் சீல் இந்தியாவுக்கு வந்தபோது அதன் பெர்ஃபார்மன்ஸ் மாடலின் ஷோரூம் விலை 53 லட்சம். 530 குதிரைத்திறன், நூறைத் தொட 3.8 விநாடி. அதற்கு முன் அந்த எண்ணைத் தொடக் கோடிக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வேகம் எடுப்பது மலிந்துவிட்டது. அந்த வேகத்தைத் திரும்பத் திரும்பத் தாங்குவதும், தாங்கிய பின் நிற்பதும், நின்ற பின் கெடாமல் இருப்பதும் இன்னும் மலியவில்லை. வாங்குபவர் பணம் கொடுப்பது இந்த மூன்றுக்குத்தான்.

அந்த எண்ணையே கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். 2021இல் டெஸ்லா மாடல் எஸ் பிளேட் மணிக்கு 60 மைலை, அதாவது சுமார் 97 கிலோமீட்டரை, 1.99 விநாடியில் தொடும் என்று அறிவித்தார்கள். அதில் கார் நகரும் முதல் ஓர் அடி கணக்கில் வராது. அமெரிக்க டிராக் பந்தய வழக்கம் அது. சக்கரம் ஓர் அடி உருண்ட பிறகுதான் கடிகாரம் ஓடும். அதில் கிடைக்கும் சலுகை கால் விநாடி அளவுக்கு இருக்கும். இன்னொரு சங்கதி: 2019இல் வந்த டைகான் டர்போ எஸ்ஸுக்கு 761 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். அது லாஞ்ச் கன்ட்ரோல் போட்டுக் கிளம்பும் சில விநாடிகளுக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் 625. இரண்டு நிறுவனமும் எதையும் மறைக்கவில்லை; அடிக்குறிப்பில் இருக்கிறது. வாங்குபவர் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை.

எனக்குப் பிடித்த சோதனை வேறு. டைகான் விற்பனைக்கு வரும் முன் 2019இல் ஜெர்மனியில் ஒரு விமான ஓடுதளத்தில் அதைப் பூஜ்யத்திலிருந்து 200 வரை அடுத்தடுத்து 26 முறை விரட்டினார்கள். மிக வேகமான ஓட்டத்துக்கும் மிக மெதுவான ஓட்டத்துக்கும் வித்தியாசம் 0.8 விநாடி. அந்த 26தான் என்னைப் பொறுத்தவரை ஒரு காரின் தரத்தைச் சொல்லும் எண். பேட்டரியும் மோட்டாரும் இன்வர்ட்டரும் சூட்டை எப்படி வெளியேற்றுகின்றன என்பது அதில்தான் தெரியும்.

நம்மூர் வெயிலில் இது இன்னும் முக்கியம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் ஒரு மே மாதம் வாடிக்கையாளர் ஒருவருடன் அவருடைய புதிய காரில் உட்கார்ந்து போனேன். முதல் சுற்றில் முதுகு சீட்டோடு ஒட்டியது. மூன்றாவது சுற்று முடிவதற்குள் திரையில் சக்தி குறைக்கப்பட்டதாக மஞ்சள் எழுத்து வந்துவிட்டது. கார் பழுதாகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. பேட்டரி செல் ஓர் அளவுக்கு மேல் சூடானால் ஆயுள் குறையும். மோட்டாரின் நிரந்தரக் காந்தம் அதிகம் சூடானால் காந்தத்தன்மையையே இழக்கும். அதனால் கணினி முன்கூட்டியே கடிவாளம் போடுகிறது. அவர் மட்டும் ஏமாந்துபோனவர்போல் என்னைப் பார்த்தார். ஷோரூமில் யாரும் அவருக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை.

டெஸ்ட் டிரைவ் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: காலையில் முழு சார்ஜ் ஏற்றி, ஏசி போட்டுக் குளிர வைத்த காரை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது, மதியம் இரண்டு மணிக்கு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பேட்டரி காலியாகக் காலியாக வோல்டேஜ் இறங்கும். கூடவே சக்தியும் இறங்கும். எந்தக் காரில் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது எடை. சீல் பெர்ஃபார்மன்ஸ் 2,185 கிலோ. டைகான் டர்போ எஸ் ஏறக்குறைய 2,300 கிலோ. இந்த அளவுள்ள பெட்ரோல் செடானைவிட நானூறு, ஐந்நூறு கிலோ கூடுதல். அந்த எடை பேட்டரியாகத் தரையோடு படுத்திருப்பதால் வளைவில் கார் அதிகம் சாயாது, ஓட்டுபவருக்கு எடை தெரியாது. டயருக்குத் தெரியும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போனால் நான் முதலில் செய்யும் வேலை இதுதான்: ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து, முன் டயரின் உட்பக்க விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தடவுவேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் பட்டன் பட்டனாக நன்றாக இருக்கும். விற்பவர் அதைத்தான் போட்டோ எடுத்துப் போட்டிருப்பார். உட்பக்கம் கையை ஒரு திசையில் இழுத்தால் வழவழ என்றும், எதிர்த்திசையில் இழுத்தால் ரம்பப்பல் போலவும் இருந்தால் அலைன்மென்ட் நெடுநாளாகச் சரியில்லை. பின் டயரை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க முடியும். ஏற்றியதும் உள்விளிம்பில் கம்பி எட்டிப் பார்த்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் பளபளவென்று பாலீஷ் போட்டு நிறுத்தியிருந்த வண்டிகள். அந்த டயரோடு மழையில் நூற்றுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்று விற்பவருக்கும் தெரிந்திருக்காது.

டயர் மாற்றும்போது சிக்கனம் பார்க்கிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கனமான எலக்ட்ரிக் கார்களுக்கென்று கூடுதல் எடை தாங்கும் டயர்கள் வந்திருக்கின்றன. பக்கச் சுவரில் அளவுக்கு முன்னால் எச்.எல். என்று இரண்டு எழுத்து இருக்கும். சில கார்களுக்கு அதுதான் போட வேண்டும். எச்.எல். இல்லாவிட்டாலும் காரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள லோட் எண்ணுக்குக் குறைவான டயரைப் போடவே கூடாது. அளவு சரியாக இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். அளவு மட்டும் போதாது. உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர்களும் உண்டு, சாலைச் சத்தம் குறைய. அதில் பஞ்சர் என்றால் தெருமுனைக் கடையில் வேலையாகாது. ஸ்பாஞ்சை அறுத்து எடுத்து ஒட்டத் தெரிந்தவரிடம் போக வேண்டும். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு என்று வரும் கார்களில் டயரை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் முடியாது. நல்ல நிறுவனத்து டயர் நான்கும் மாற்றினால் லட்சத்தைத் தாண்டும். அந்தச் செலவை வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது. எலக்ட்ரிக் காரில் பிரேக் தேயாது என்பார்கள். தேயாததுதான் பிரச்சினை. காலைப் பெடலில் வைத்ததும் முதலில் மோட்டார்தான் டைனமோவாக மாறி வண்டியை இழுத்து நிறுத்துகிறது. அன்றாட ஓட்டத்தில் பத்துக்கு ஒன்பது முறை டிஸ்க்கும் பேடும் தொடுவதே இல்லை என்று டைகானைப் பற்றி போர்ஷே சொல்கிறது. இப்போது நீலாங்கரையிலோ பெசன்ட் நகரிலோ கடற்காற்றில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். தொடப்படாத டிஸ்க்கில் துரு ஏறும். காலிப்பர் நகர உதவும் கம்பி இறுகிவிடும். பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்துவிடும். தினமும் மெதுவாகத்தானே ஓட்டுகிறோம், ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஈ.சி.ஆர். சாலையில் குறுக்கே மாடு வரும். அன்றைக்கு 2,200 கிலோவை நிறுத்த மோட்டார் மட்டும் போதாது. அந்த டிஸ்க்கும் பேடும் வேண்டும். பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் மோட்டார் பிரேக்கின் உதவியும் குறைந்துவிடும், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடமில்லாததால்.

வாரத்துக்கு ஒருமுறை, பின்னால் வண்டி வராத சாலையில், நல்ல அழுத்தமாக நான்கைந்து முறை பிரேக் பிடியுங்கள். டிஸ்க் சுத்தமாகும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். பழைய கார் என்றால், ரீகால் வேலைகள் முடிந்தனவா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே கேளுங்கள். 2024இல் முன்சக்கர பிரேக் ஹோஸில் விரிசல் விழலாம் என்று உலகெங்கும் உள்ள டைகான்களைத் திரும்ப அழைத்தார்கள். சில பேட்டரிகளில் உட்புற ஷார்ட் சர்க்யூட் வரலாம் என்றும் தனியாக அழைத்தார்கள். நிறுவனம் இலவசமாகச் செய்து தரும் வேலை. முன் உரிமையாளர் போகாமல் விட்டிருந்தால் அந்த ஆபத்தும் சேர்ந்துதான் உங்கள் பெயருக்கு மாறுகிறது.

பேட்டரிக்கு வருகிறேன். காரின் விலையில் பெரிய பங்கு அதுதான். பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அந்தத் தாளில் இருக்கும் விலக்குகளைப் படியுங்கள். அடி வாங்கியது, தண்ணீரில் மூழ்கியது, வெளியாள் திறந்தது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் உத்தரவாதம் கைவிட்டுப் போகலாம். அடி வாங்கியதற்கும் திறந்ததற்கும் அடையாளம் காரின் வயிற்றில் இருக்கிறது.

லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, பேட்டரியின் அடித்தகட்டை முன்னிருந்து பின்னாகப் பார்ப்பேன். இந்தக் கார்கள் தாழ்வானவை. நம் வேகத்தடைகளோ எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. நீளவாக்கில் லேசாகக் கீறியிருந்தால் பரவாயில்லை. உள்நோக்கிப் பள்ளம் விழுந்திருந்தால், குளிர்விக்கும் நீர் போகும் குழாய்களோ செல்லோ நசுங்கியிருக்க வாய்ப்பு உண்டு. நான் அந்த வண்டியை வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிறகு பேட்டரியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். தொழிற்சாலையில் இறுக்கியதும் போல்ட்டின் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். அந்தக் கோடு ஒடிந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தில் அதற்குக் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

யாரோ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரியைத் தொடும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையுறை 1,000 வோல்ட்டுக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதன் வாயை மடித்துச் சுருட்டி, உள்ளே அடைபட்ட காற்றோடு கன்னத்தருகே வைத்துப் பார்ப்போம். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று தோலில் படும். அந்தக் கையுறை அன்றோடு குப்பைக்குப் போகும். மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகும் இன்வர்ட்டரில் உள்ள கெப்பாசிட்டர் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். மீட்டரை முதலில் மின்சாரம் உண்டு என்று தெரிந்த இடத்தில் வைத்து, பிறகு காரில் வைத்து, மறுபடி தெரிந்த இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே செத்திருந்தால் பூஜ்யம் என்று காட்டும், தொட்டவர் பிழைக்கமாட்டார். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளை வேலை தெரியாத கை தொட்ட கார் எனக்கு எப்போதும் கவலைதான்.

மூழ்கிய வண்டிகள் தனிக்கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையின் எத்தனை கார் நிறுத்துமிடங்கள் நீச்சல் குளமாயின என்று நமக்குத் தெரியும். பேட்டரிக்கு ஐ.பி.67 தரம் இருக்கிறது, தண்ணீர் போகாது என்பார்கள். அந்தத் தரம் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதற்கானது. பள்ளிக்கரணையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் கார் ஓடும். கனெக்டருக்குள் தேங்கிய ஈரம் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஸ்கேனரில் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸைக் கட்டாயம் பார்ப்பேன். ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் என்பது பாதுகாப்பு விதி. 550 வோல்ட் பேட்டரிக்கு 55,000 ஓம். ஆரோக்கியமான கார் மெகா ஓம் கணக்கில் காட்டும். அது ஒரு மழைநாளைக்கு இறங்கி மறுநாள் ஏறினால்கூட நான் வேண்டாம் என்பேன். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துக் கடைசி அரை அடியைப் பாருங்கள். உள்ளே எல்லாம் கழுவியவர்கள் அதைக் கழுவ மறந்திருப்பார்கள். சேற்றுக்கோடு அங்கே இருக்கும். இதற்கு மெக்கானிக் வேண்டாம், நீங்களே செய்யலாம்.

பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்ற அறிக்கை கேட்டு வாங்குங்கள். அந்த ஒற்றை எண்ணைவிடச் செல்களுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசம் அதிகம் பேசும். எல்லாம் ஒரே அளவில் இருக்க, ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் செல்தான் மொத்தப் பேட்டரியையும் பின்னுக்கு இழுக்கும். சீலில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, வாரம் ஒருமுறையாவது நூறு வரை ஏற்றினால்தான் கணினிக்குக் கணக்குச் சரியாக வரும். டைகான், இ-டிரான் ஜி.டி., ஐ4 போன்றவற்றில் நிக்கல் வகை. தினசரி எண்பதோடு நிறுத்துவது நல்லது. முன் உரிமையாளர் எப்படி ஏற்றினார் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவர் காரைக் கவனித்தவர்.

சார்ஜ் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டைகானும் இ-டிரான் ஜி.டி.யும் 800 வோல்ட் கார்கள். தகுந்த சார்ஜரில் முதல் டைகானே 270 கிலோவாட் வரை இழுக்கும். நம் நெடுஞ்சாலைகளில் பழைய சார்ஜர்கள் பல 500 வோல்ட்டுக்கு மேல் தராதவை. அங்கே காருக்குள் இருக்கும் பூஸ்டர்தான் வோல்டேஜை உயர்த்திக்கொள்ள வேண்டும். ஆரம்பகால டைகான்களில் சாதாரணமாக வந்த பூஸ்டர் 50 கிலோவாட். 150 கிலோவாட் பூஸ்டர் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு. பழையதை வாங்கும்போது எது இருக்கிறது என்று கேட்காமல் வாங்கினால், திருச்சி போகும் வழியில் அரை மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பும் ஒழுங்கான எர்த்தும் வேண்டும். எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். காரில் பழுது என்று அழைக்கப்பட்டுப் போன வீடுகள் பலவற்றில் பழுது எர்த் குழியில்தான் இருந்தது. காரை புக் செய்யும் முன் நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள்.

கடைசியாக, காரைவிட எனக்கு அதிகக் கவலை தரும் ஒன்று: அதை ஓட்டுபவர்.

2025 மே மாதம் சீனாவில் ஷாவ்மி நிறுவனம் தன் எஸ்.யு.7 அல்ட்ரா எலக்ட்ரிக் காரின் 1,548 குதிரைத்திறனை ஒரு மென்பொருள் மாற்றத்தால் குறைத்தது. பந்தயத் தடத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓட்டிக் காட்டியவர்களுக்கே முழுச் சக்தி என்றது. காசு கொடுத்து வாங்கினோமே என்று உரிமையாளர்கள் கொதித்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. உரிமையாளர்களின் கோபம் நியாயமானது, விற்ற பிறகு பிடுங்குவது முறையல்ல. ஆனாலும் பழகாத கையில் இவ்வளவு சக்தி போகிறதே என்ற பயமும் நியாயமானதுதான் என்று நினைக்கிறேன்.

நம்மூரில் 18 வயதில் எடுக்கும் லைசென்ஸ் மாருதிக்கும் போதும், 500 குதிரைத்திறன் காருக்கும் போதும். பெட்ரோல் காரில் எஞ்சின் உறுமுவது ஓர் எச்சரிக்கை. பக்கத்தில் இருக்கும் அம்மாவாவது மெதுவாகப் போடா என்பார். இந்தக் கார் சத்தமில்லாமல் 140க்குப் போய்விடும், உள்ளே இருப்பவருக்கு 80 போலத்தான் இருக்கும். வேகச் சோதனை, பந்தயம் என்று ஓட்டி விபத்தானால் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் இடமில்லை.

வீட்டில் இளம்பிள்ளைகள் இருந்தால் செட்டிங்கில் வேகக் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்று டெலிவரி எடுக்கும் அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் ஈக்கோ மோடிலேயே ஓட்டச் சொல்லுங்கள். மின்சாரம் போனால் பின்கதவை உள்ளிருந்து திறக்கும் இயந்திரப் பிடி எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பயிற்சி நடக்கும்போது ஒருநாள் அனுப்பி வையுங்கள். இந்த எடையுள்ள கார் எங்கே பிடி விடுகிறது என்று ஆளில்லாத இடத்தில் தெரிந்துகொள்ளட்டும். அதன் பிறகு சாவியைக் கொடுங்கள். அதற்கு முன் வேண்டாம், தயவுசெய்து.